மற்றதுக்கு ஒரு பேர் இருந்தது

பிறந்தநாள் மலருக்கு ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தா எண்டு கேட்டிருக்கிறியள். பெரியப்பாவுக்கு எண்பது வயசு வருகுதாம். யூனியன்வில்லிலை ஹோல் எடுத்தாச்சாம். வழுவழுத்த தாளிலை புத்தகம் அடிக்கிறியளாம். "கடையைப் பற்றி, சந்தோசமா ரெண்டு பக்கம்." உந்தச் "சந்தோசமா" எண்ட சொல்லைச் சேத்தது பெரியப்பாவின்ரை மூத்த மகள், எங்கடை அக்காதான் எண்டு எனக்குத் தெரியும். அவ சின்னனிலையே உப்பிடித்தான். குசினி பத்தி எரிஞ்சாலும் அக்கம்பக்கத்துக்குக் கேக்காமல் மெல்லமாத்தான் சொல்லுவா.

சரி, எழுதுறன். ஆனால் சந்தோசமா வராது, இப்பவே சொல்லிப்போட்டன்.

நீங்கள் எல்லாரும் என்னைப்போல நாப்பதைத் தாண்டின ஆக்கள். மருந்துப் போத்திலிலை என்ன எழுதியிருக்கெண்டு பாக்கக் கண்ணாடி தேடுற வயசு. அந்தக் கடைக்குப் பின்னாலை, மரக்கறி வந்த காட்போட் பெட்டியளுக்கை ஒளிச்சுப் பிடிச்சு விளையாடித்தான் எல்லாரும் வளந்தனாங்கள். கடை எண்டா உங்களுக்கு மாம்பழப் பெட்டியும், ஐஸ்கிறீம் பிறீசரும், சனிக்கிழமைச் சனமும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வாறது ஒரு அறை. அது என்ரை அம்மாவின்ரை அறை. அதை அவவிட்டை இருந்து எப்பிடிப் பறிச்சவை எண்டதைத்தான் எழுதப்போறன். போடுறதெண்டா முழுசாப் போடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

கடை ரொறன்ரோவிலை, மல்வேர்ன் பக்கம், ஒரு சின்னப் பிளாசாவிலை இருந்தது. ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற இடம், மற்றப் பக்கம் ரயர் மாத்திற கடை, நடுவிலை எங்கடை சூப்பர்மார்க்கெட். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து அதை ஒரு வெள்ளைக்காரக் கிழவனிட்டை வாங்கினவை. கிழவன் அதிலை தேப்பன் காலத்திலையிருந்து பேக்கன் போட்டவன். பண்டியின்ரை முதுகிறைச்சியைக் கொழுப்பு வழிச்சு, உப்பும் சீனியும் போட்ட தண்ணியிலை குளிரறைக்குள்ளை நாள்கணக்கா ஊற வைச்சு, பிறகு எடுத்து சோள மாவிலை பிரட்டி விக்கிறது. ரொறன்ரோவிலை பழைய வெள்ளைக்காரச் சனத்துக்கு அது எங்களுக்குக் கருவாடு மாதிரி. அது இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை விடியாது.

வாங்கினவைக்கு ஒரு சங்கடம். சனம் வந்தால்தான் கடை ஓடும், பேக்கனுக்கு வாற சனம் ஏற்கெனவே இருக்குது. அதை விடவும் மனமில்லை. ஆனால் பெரியப்பா ஆர்? கோயில் நிர்வாகசபையிலை இருக்கிறவர், நெத்தி நிறையத் திருநீறு. பண்டியைத் தொடுவாரோ? அப்பா தொடுவாரோ? அப்ப ஆர் தொடுறது?

"அவ வேதக்காரி தானே. அவவுக்கு உதிலை ஒண்டும் இல்லை."

பெரியப்பா சொன்ன அந்த அவ என்ரை அம்மா. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலை பிறந்தவா, கத்தோலிக்கச் சனம். அப்பா விரும்பிக் கட்டினவர். கலியாணத்துக்கு வராத பெரியப்பாவுக்கு, பண்டி வெட்ட ஆள் தேவைப்பட்ட நேரம் அம்மாவின்ரை வேதம் நல்லா ஞாபகம் வந்திட்டுது. இப்பிடித்தான் அம்மாவுக்கு அந்த அறை கிடைச்சது. மரியாதைக்குக் குடுத்ததில்லை, ஊத்தை வேலை எண்டு தள்ளிவிட்டது.

ஆனால் அம்மாவுக்கு அந்த அறை பிடிச்சுப்போச்சு, அதை அவை எதிர்பார்க்கேல்லை.

கறுத்த றப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் கையுறை, தலையிலை ஒரு பழைய துவாய். அதுதான் அவவின்ரை கோலம். பள்ளிக்கூடத்தாலை வந்து அந்தத் தடிச்ச பிளாஸ்ரிக் திரையை விலக்கினா முதல்லை குளிர் முகத்திலை அடிக்கும், பிறகு வாசம் வரும். உப்பும், கருஞ்சீனியும், கடுகும், பிரிஞ்சி இலையும். அதுக்குள்ளை அம்மா தன்ரை பாட்டுக்கு மிளகும் ஒரு துண்டு கறுவாவும் போடுவா. வெள்ளை வாளியளுக்கை இறைச்சி மிதக்காமல் இருக்க மேலை ஒரு பீங்கான், அதுக்கு மேலை பாரத்துக்கு ஒரு அம்மிக்குழவி. கடையிலை விக்கவெண்டு கப்பலிலை வரேக்கை அம்மி உடைஞ்சு, குழவி மட்டும் தப்பி வந்தது. முன்கடையிலை அதை ஆரும் வாங்கமாட்டினம். அம்மா அதைத் தேச்சுக் கழுவி, கொதிதண்ணி ஊத்தி, உள்ளுக்கு எடுத்திட்டா. அந்த அறைக்குள்ளை அம்மா பாடுவா. வீட்டிலை அவ பாடி நான் கேட்டதில்லை.

கிழவன் கடையைக் குடுத்த பிறகும் கொஞ்ச நாள் வந்து நிண்டவன். அம்மாவின்ரை இங்கிலிஷும் அவன்ரை பொறுமையும் ஒரே அளவு, ரெண்டும் கொஞ்சம்தான். ரெண்டுபேரும் கையாலை கதைச்சினம். அவன் ஒரு பையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினவன். அதுக்குள்ளை றோஸ் நிறத்திலை ஒரு உப்பு. இறைச்சி பழுதாகாமல் இருக்கவும் சிவப்பு மாறாமல் இருக்கவும் துளியூண்டு போடுறது. கூடினா நஞ்சு. அதாலைதான் சாதாரண உப்போடை மாறப்படாதெண்டு கொம்பனியே றோஸ் சாயம் போட்டு விக்குது. பையிலை ஒரு பண்டிப் படம், சிவப்பு எழுத்திலை எச்சரிக்கை. "பிங்க் மீன்ஸ் ஸ்டொப்" எண்டு கிழவன் கையை நீட்டிச் சொன்னவன். அம்மா அந்தப் பையைத் தனி ஆணியிலை, கதவுக்குப் பின்னாலை, எங்கடை கைக்கு எட்டாத உயரத்திலை மாட்டினா. எனக்கும் தம்பிக்கும் காதைப் பிடிச்சுச் சொல்லியிருந்தா, "றோஸ் உப்பிலை கை வைச்சியளெண்டா முறிப்பன்."

இதை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ.

முன்கடையிலை ஒருத்தரும் "பண்டி" எண்ட சொல்லைச் சொல்லப்படாது. அது பெரியப்பாவின்ரை சட்டம். பேக்கன் எண்டும் சொல்லப்படாது, எங்கடை சனத்துக்கு அந்தளவு இங்கிலிஷ் விளங்குமாம். அதாலை அதுக்கு வைச்ச பேர் "மற்றது". பின்கதவிலை வெள்ளைக்காரர் வந்து மணி அடிச்சா, பெரியப்பா கவுண்டரிலையிருந்து அப்பாவைப் பாப்பார். அப்பா உள்பக்கம் திரும்பி, "மற்றதுக்கு ஆள் வந்திருக்கு" எண்டுவார். மற்றதுக்குத் தனிக் கத்தி, தனித் தராசு, தனித் தாள். மற்றது எங்கடை குடும்பத்திலை ஒரு விடுபட்ட ஆள் மாதிரி. அதின்ரை வருமானத்திலை சாப்பிடலாம், பேரைச் சொல்லப்படாது.

அம்மா அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ரயர் கடை நானா ஒருநாள் கேட்டார். புத்தளம் பக்கத்து முஸ்லிம் மனிசன், எங்களிட்டைத்தான் மாச்சாமான் வாங்கிறவர். "தங்கச்சி, கேக்கிறனெண்டு கோவிக்க வாணாம். உள்ளுக்குப் பண்டி இருக்கா? இருந்தா இருக்கெண்டு சொல்லுங்க."

"ஓம் நானா, இருக்கு," எண்டா அம்மா. "பின்னறையிலை. கத்தி வேறை, தராசு வேறை, முன்னுக்கு ஒண்டும் வராது. ஆனால் இருக்கு."

நானா தலையை ஆட்டினார். "ஒளிக்காமச் சொன்னீங்களே, அது போதும். ஒட்டி வாற பேக்கட்டுச் சாமான் மட்டும் எடுக்கிறன். இனி நீங்க இருக்கக்குள்ள வாறன்." சொன்னபடி வந்தவர்.

இதைக் கேள்விப்பட்டுப் பெரியப்பா குதிச்ச குதியைக் கேட்டியளெண்டா! "ஆர் உன்னட்டைக் கேட்டது? ஹரிச்சந்திரன்ரை பேத்தி எண்ட நினைப்போ? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?" அம்மா பூட்ஸைக் கழட்டித் தட்டித் தண்ணியை ஊத்தினா, அவ்வளவுதான். அப்பா அரிசி மூட்டையை எண்ணிறமாதிரி அங்காலை திரும்பி நிண்டார்.

இனி மா விசயம். கிழவன் போகேக்கை ஒரு கதை சொல்லிப்போட்டுப் போனவன். உந்தச் சோள மா பிறகு வந்ததாம், அவன்ரை பாட்டன் காலத்திலை காஞ்ச பட்டாணிப் பருப்பை அரைச்சுத்தான் பிரட்டினவையாம். பட்டாணிப் பருப்போ! முன்னுக்கு மூட்டை மூட்டையா எங்களிட்டைத்தானே இருக்கு. இந்த ஊரிலை நாங்கள் வடை சுடுறதே அந்த மஞ்சள் பருப்பிலைதான். அம்மா ஒரு சுளகு நிறையப் பருப்பை இளஞ்சூட்டிலை வறுத்து, கடை மெசினிலை கரகரப்பா அரைச்சு, ஊறின இறைச்சியை அதிலை பிரட்டினா. கண் இமை எல்லாம் மஞ்சள் மா. அதுக்குள்ளையும் சிரிச்சா.

முதல் நாள் அதை வாங்கினது ஊண்டுதடி பிடிச்ச ஒரு வெள்ளைக்கார ஆச்சி. அடுத்த கிழமை அவ பின்கதவுக்கு வரேல்லை. முன்கதவாலை, எங்கடை சனத்துக்குள்ளாலை இடிச்சுக்கொண்டு கவுண்டருக்கு வந்தா. "ஹூ மேட் திஸ்?" எண்டு தடியாலை நிலத்திலை ஒரு தட்டு. சின்னனிலை சாப்பிட்ட பிறகு இப்பதானாம் இப்பிடி ஒண்டு சாப்பிடுறா.

பண்டியின்ரை பேரைச் சொல்லமாட்டாத பெரியப்பா, என்ரை கண்ணுக்கு முன்னாலை நெஞ்சிலை கையை வைச்சார். "மை ரெசிப்பி, மேடம்."

பாத்தியளே! தொட்டா தீட்டு, புகழ் மட்டும் தீட்டில்லை. எனக்கு அப்ப பதினொரு வயசு. சரியான கொதி வந்தது. அம்மாவிட்டை ஓடிப்போய்ச் சொன்னன். அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு, "சொல்லட்டும் பிள்ளை. ஆச்சிக்குப் பிடிச்சுதாமோ?" எண்டு அதைத்தான் கேட்டா. அதுக்குப் பிறகு ஸ்காபரோ முழுக்கக் கதை பரவி, பின்கதவிலை வரிசை நிண்டது.

பெரியம்மாவுக்குத்தான் மெசின் கவலை. "வடைப் பருப்பு அரைக்கிற மெசினிலை..." எண்டு இழுப்பா. பருப்புத்தான் பண்டியிட்டைப் போகுது, பண்டி மெசினுக்கு வரேல்லை எண்டு அம்மா விளங்கப்படுத்துவா. பெரியம்மா தலையாட்டிப்போட்டு மெசினுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போவா. பெரியம்மாவிலை எனக்குக் கோவம் இல்லை எண்டதை இங்கையே எழுதிவிடுறன். எங்களை வளத்ததிலை பாதி அவ.

அந்த வருசம் பெரிய வெள்ளியும் சித்திரை வருசப்பிறப்பும் ஒரே நாளிலை வந்தது. வெளியிலை பார்க்கிங்கிலை கறுத்துப்போன பனி இன்னும் குவிஞ்சு கிடந்தது. பெரிய வெள்ளி எண்டு கடை பூட்டு. பூட்டின கடைக்குள்ளை வருசப்பிறப்புப் பூசை செய்யலாமெண்டு பெரியப்பா ஐயரைக் கூப்பிட்டிருந்தார். அம்மா விடியவே வெள்ளைச் சீலை உடுத்து, உபவாசத்தோடை சேர்ச்சுக்குப் போயிட்டா. நாங்கள் தகப்பன் பக்கத்துப் பிள்ளையள், பூசைக்கு நிக்கவேணுமாம். நானும் ஐஞ்சு வயசுத் தம்பியும் கடையிலை.

பூசைக்கு முன்னம் பெரியப்பா உள்ளுக்கும் வெளியிலும் நடந்தார். ஐயர் எல்லா அறைக்கும் தண்ணி தெளிச்சுச் சாம்பிராணி காட்டுவார், அப்ப மற்றதின்ரை அடையாளம் ஒண்டும் இருக்கப்படாது. வாளியளைத் தார்ப்பாயாலை மூடினவை. கத்தியளை ஒளிச்சவை. கதவுக்குப் பின்னாலை போய்ப் பெரியப்பா அந்தப் பையைக் கண்டார். பண்டிப் படம் போட்ட பை.

நான் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தின்ரை சிக்கெடுத்துக்கொண்டு அங்கைதான் நிண்டன். பெரியப்பா பையை எடுத்தார். அப்பா ஒரு வெறும் பால்மாப் பேணியைப் பிடிச்சார். பெரியப்பா றோஸ் உப்பை அதுக்குள்ளை கொட்டினார். பையை நாலாக் கிழிச்சுக் குப்பைக்குள்ளை போட்டார். பேணியைக் கொண்டுபோய் தேத்தண்ணிச் சாமான் வைக்கிற தட்டிலை, சீனிக்குப் பக்கத்திலை வைச்சார்.

"பெரியப்பா, அதிலை ஒருத்தரும் கை வைக்கப்படாதெண்டு அம்மா சொன்னவா."

"சின்னப்பிள்ளை சின்னப்பிள்ளை மாதிரி இரு."

அப்பா என்னைப் பாத்துப்போட்டு முன்கடைக்குப் போனார்.

பூசை நல்லா நடந்தது. பொங்கல், வடை, மோர் எல்லாம் இருந்தது. தம்பி வடையை வெளுத்துக் கட்டிப்போட்டு, கொஞ்ச நேரத்திலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு முனகினான். பெரியம்மா தடவிப் பாத்தா. "வாய்வு. இந்துப்புப் போட்டு மோர் குடுத்தாச் சரிவரும்." இந்துப்பு எண்டது கைமருந்துக்குப் போடுற கல்லுப்பு, எங்கடை சனத்தின்ரை குசினியளிலை இருக்கும். அது என்ன நிறம்? இளம் றோஸ். பெரியம்மா பின்னுக்குப் போனா, தேத்தண்ணித் தட்டிலை பேணியைத் திறந்தா. "எட, இந்துப்பு இருக்கு. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!" எண்டு சந்தோசமாச் சொன்ன சத்தம் எனக்கு முன்கடைக்குக் கேட்டது. இந்துப்பு எண்டு நாங்கள் ஒண்டும் விக்கிறதில்லை எண்டது எனக்கு அப்ப ஓடேல்லை. வெள்ளைக்காரன் ஆபத்தெண்டு காட்டப் போட்ட நிறம், எங்களுக்கு மருந்தின்ரை நிறம். பேர் எழுதின பை இருந்திருந்தா? பண்டிப் படத்தைக் கண்டிருந்தா பெரியம்மா அதைத் தொட்டிருப்பாவோ? பத்தடி தள்ளி ஓடியிருப்பா!

தம்பி கரிக்குது எண்டான். "மருந்தெடா, குடி என்ரை குஞ்சு" எண்டு மடியிலை வைச்சுப் பருக்கினா.

கொஞ்ச நேரத்திலை அவன்ரை சொண்டு நீலமாப்போச்சு. பிறகு நகம். குளிர் எண்டு நினைச்சுக் கோட்டைப் போட்டினம். பயந்திட்டான் எண்டு திருநீறு போட்டினம். அவன் தலை தொங்கிச்சுது. ஐயர்தான் சத்தம் போட்டார், "உதென்ன நிண்டு பாத்துக்கொண்டு, தூக்குங்கோ பிள்ளையை!" அம்புலன்சுக்கு நிக்காமல் தன்ரை வான் வண்டியிலையே ஏத்தினார். வானுக்கை பெரியம்மா தலையிலை அடிச்சுக்கொண்டு அழுதா. "இந்துப்பு மோர்தானே குடுத்தனான்... பேணிக்குள்ளை கிடந்த இந்துப்புத்தானே..." எனக்கு அப்பதான் அது எந்தப் பேணி எண்டு விளங்கினது. முன்சீற்றிலை பெரியப்பாவும் அதைக் கேட்டவர். அப்பாவும் கேட்டவர்.

எமேர்ஜென்சியிலை டொக்டர் ஒரு இளம் பொம்பிளை. பிள்ளை என்ன சாப்பிட்டது, என்ன குடிச்சது எண்டு கேட்டா. பெரியப்பா முன்னுக்கு வந்தார். "ஒன்லி பட்டர்மில்க், டொக்டர். ஹோம் ஃபூட்."

"பட்டர்மில்க்கிலை என்ன போட்டனீங்கள்?"

"சோல்ட். நோர்மல் சோல்ட்."

நோர்மல் சோல்ட்! பக்கத்திலை ஐயர் நிக்கிறாரெல்லே. கோயில் நிர்வாகசபை நிக்குதெல்லே. நீலமாக் கிடக்கிற பிள்ளையைவிட அந்த மனிசனுக்குப் பண்டி எண்ட சொல்லு பெரிசாப்போச்சு. நான் அப்பாவைப் பாத்தன். அப்பா தன்ரை சப்பாத்தைப் பாத்தார்.

நான் கத்தினன். "இட்ஸ் த பேக்கன் சோல்ட்! த பிங்க் வன்! வீ மேக் பேக்கன் இன் த பக் றூம்!"

பெரியப்பா என்ரை தோளைப் பிடிச்ச பிடியிலை நகம் பதிஞ்சது. "உன்ரை வாயை..." எண்டு பல்லுக்கை. டொக்டர் அவரைப் பாக்கேல்லை. என்னட்டைக் குனிஞ்சு ரெண்டு கேள்வி கேட்டா, திரும்பி நேர்சிட்டை ஏதோ சொன்னா, எல்லாரும் ஓடிச்சினம்.

ஐயர்தான் பெரியப்பாவைப் பாத்தார். "பிள்ளையின்ரை உயிரெல்லோ ஐயா! சொல்லுறதுக்கென்ன? உங்கடை பின்கதவாலை என்ன போகுதெண்டு மல்வேர்ன் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்?"

கேட்டியளோ? எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ஐயருக்குத் தெரியும், நானாவுக்குத் தெரியும், உடுப்புத் தோய்க்கிற கடைக்காரிக்கும் தெரியும். ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்லாத ஒண்டை ஒளிக்கப்போய்த்தான் என்ரை தம்பி கட்டிலிலை கிடந்தான்.

அவனுக்கு ஏத்தின மருந்தும் நீலம். நீலமான பிள்ளைக்கு நீல மருந்து. பின்னேரம் சொண்டு சிவந்து, எழும்பி இருந்து, வடை இருக்கோ எண்டு கேட்டான். இப்பவும் அந்தக் குணம் மாறேல்லை.

அம்மா சேர்ச்சிலையிருந்து நேரா வந்தா, அதே வெள்ளைச் சீலையோடை. பச்சைத் தண்ணி பல்லிலை படேல்லை. தம்பியைத் தடவி, முகத்தை முகர்ந்து பாத்துப்போட்டுத்தான் திரும்பினா. நடையிலை எல்லாரும் நிண்டவை. பெரியப்பா துடங்கினார். "உன்ரை பண்டி உப்பை இப்பிடியே பிள்ளையள் இருக்கிற இடத்திலை வைக்கிறது? பெத்த பிள்ளையையே கொல்லப் பாத்தனியே!"

பாருங்கோ, அண்டைக்குத்தான் அவர் முதல்முதலாப் பண்டி எண்ட சொல்லைச் சொன்னவர். அம்மாவுக்கு அடிக்கத் தேவைப்பட்டவுடனை அந்தச் சொல்லு வாயிலை வந்திட்டுது.

"பொய்!" எண்டன் நான். "பெரியப்பாதான் பையைக் கிழிச்சுப் பேணிக்குள்ளை கொட்டினவர். அப்பா பேணியைப் பிடிச்சவர். நான் கண்டனான்."

எல்லாரும் அப்பாவைப் பாத்தவை. அம்மாவும் பாத்தா. அம்மா பாத்த அந்தப் பார்வையிலை கெஞ்சல் இல்லை. ஒரு சொல்லு சொல்லு எண்டு காத்துக்கொண்டு நிண்டா, அவ்வளவுதான்.

அப்பா என்னட்டைச் சொன்னார், "பொய் சொல்லாதை, பிள்ளை."

அப்பா போய்ச் சேர்ந்து இப்ப கன வருசம். செத்த வீட்டிலை நான் அழுதனான், பொய்யில்லை. நல்ல தகப்பன்தான், தோளிலை தூக்கிக்கொண்டு பனிக்குள்ளை நடந்தவர்தான். ஆனால் அந்த மூண்டு சொல்லையும் நான் இன்னும் மன்னிக்கேல்லை. தமையன்ரை முகம் சுருங்கப்படாதெண்டு மனிசியையும் மகளையும் ஒரே மூச்சிலை வித்தவர். மலரிலை போடுறதுக்கு இது நல்லா இராது, தெரியும்.

அடுத்த நாள், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனி. பின்கதவிலை வெள்ளைக்காரர் வரிசையிலை நிக்க, பெரியப்பா கூலிக்கு ரெண்டு பெடியங்களைக் கூட்டிவந்து வாளியளைக் கவிட்டார். பண்டிகைக்கெண்டு அம்மா ஊற வைச்சிருந்த இறைச்சி முழுக்கக் குப்பைக்குள்ளை. உப்புத்தண்ணி பார்க்கிங்கிலை ஓடி, கறுத்த பனியைக் கரைச்சது. ஊண்டுதடி ஆச்சி "வட் ஆர் யூ டூயிங்? வட் ஆர் யூ டூயிங்?" எண்டு கத்தினா. பெரியப்பா அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டார்.

அம்மா அவரிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டா. "பேர் எழுதியிருந்த பையை ஏன் அண்ணை கிழிச்சனீங்கள்?"

பெரியப்பா புதுப் பூட்டை இழுத்துப் பாத்தார். பிறகு அம்மா குப்பைத் தொட்டிக்கை கையை விட்டு, அந்த அம்மிக்குழவியை மட்டும் எடுத்தா. சீலைத் தலைப்பாலை துடைச்சு, ஒரு பையிலை போட்டு, என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினா. பஸ்ஸிலை அந்தக் குழவி அவவின்ரை மடியிலை ஒரு பிள்ளை மாதிரிக் கிடந்தது. அதுக்குப் பிறகு அவ கடைக்குள்ளை காலெடுத்து வைக்கேல்லை. காட்போட் பெட்டி மடிக்கிற ஃபக்ரறியிலை ஷிப்ட் எடுத்து, இடுப்பு விட்டுப்போகும்வரை மடிச்சா. பாடினதை நான் பிறகு கேக்கேல்லை.

இன்னும் கேளுங்கோ, இதுதான் உச்சம். ரெண்டு வருசம் போகேல்லை, மொத்த வியாபாரியிட்டை வாங்கின பேக்கன் பேக்கட்டுக்களைப் பெரியப்பா முன்பிறிட்ஜிலையே அடுக்கி வித்தார். லைற் போட்டு, பண்டிப் படத்தோடை, கோழிக்குப் பக்கத்திலை. "காலம் மாறுது" எண்டாராம். அப்ப பண்டி இல்லைத்தானே பிரச்சினை? என்ன பிரச்சினை எண்டு நீங்களே சொல்லுங்கோ. வேதக்காரி ஒருத்தி, தம்பியின்ரை பெண்சாதி, தன்ரை கைப்பக்குவத்தாலை கடையை நிமித்தினதுதான் அவருக்குச் செமிக்கேல்லை. பெரியம்மாவுக்கு அது விளங்கினது. சாகுமட்டும் அவ மோருக்கு உப்புப் போடேல்லை. ஒருநாள் அம்மாவிட்டை வந்து கையைப் பிடிச்சு அழுதா. அம்மா அவவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா.

அம்மா இப்ப விட்பியிலை, தம்பி வீட்டிலை இருக்கிறா. நீங்கள் அங்கை போனியளெண்டா குசினியைப் பாத்துச் சிரிப்பியள். ஒவ்வொரு போத்திலிலையும் வெள்ளை ரேப் ஒட்டி, தடிச்ச பேனையாலை பேர் எழுதியிருக்கும். சீனி. உப்பு. மஞ்சள். இந்துப்பு. கண்ணாடிப் போத்திலிலை தண்ணி இருந்தாலும் "தண்ணி" எண்டு எழுதியிருக்கும். பேரப்பிள்ளையள் பகிடி பண்ணுவினம், அப்பம்மாவின்ரை முதுகிலை "அப்பம்மா" எண்டு ஒட்டிவிட்டவை ஒருநாள். அவ அதை நாள் முழுக்கக் கழட்டேல்லை.

பேஸ்மென்ற் பிறிட்ஜிலை நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் ஒரு வெள்ளை வாளி இருக்கும். மேலை ஒரு பீங்கான், அதுக்கு மேலை குழவி. வாளியிலை ரேப் ஒட்டி, கொட்டை எழுத்திலை: பன்றி. பருப்பு மாவிலை பிரட்டி எடுக்க, பாதியைத் தம்பியே திண்டு முடிப்பான். அண்டைக்கு நீலமாக் கிடந்த அதே அவன்தான்!

நேற்று அக்கா திரும்ப மெசேஜ் போட்டிருந்தா. பேக்கன் விசயம் எழுதுறதெண்டா "கடையின் மற்ற வியாபாரங்கள்" எண்டு ஒரு வரி போட்டாக் காணுமாம். காணாது அக்கா. மற்ற எண்டு ஒண்டும் இல்லை. அது பண்டி. பண்டி எண்டு போடுங்கோ.

இன்னுமொண்டு. இவ்வளவு எழுதியும் இதிலை நான் ஒருத்தற்றை பேரையும் எழுதேல்லை, கவனிச்சியளோ? ஆர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பேர் வரவேணும். முதல் பக்கத்திலை, பெரியப்பாவின்ரை படத்துக்குக் கீழை, "கடையை நிமித்தினவ" எண்டு போட்டுப் பக்கத்திலை கொஞ்சம் இடம் விடுங்கோ. அச்சடிக்கக் குடுக்க முன்னம் புத்தகத்தையும் ஒரு தடிச்ச பேனையையும் பெரியப்பாவிட்டைக் கொண்டுபோய்க் குடுங்கோ. கை நடுங்கினாலும் பரவாயில்லை. கிழிச்சவர் அவர்தானே, அம்மாவின்ரை பேரை அவரே எழுதட்டும்.